இரண்டு வரி இருட்டு

டொக், டொக், டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், எலீஜியோ மரச்சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி நீவெஸுக்கு அந்தச் சத்தத்தின் பாஷை அத்துபடி. நாற்காலிக் காலைக் குழியில் இறக்கும்போது தட்டு அளந்து வரும். கோபத்தில் தட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். அவள் வேலைக்காக ஒரு கொரியப் படத்தையோ ஜப்பானியப் படத்தையோ ஓடவிட்டால் போதும், இறக்குவதற்கு ஒரு காலும் இல்லாவிட்டாலும் அந்தச் சுத்தியல் எழுந்துவிடும். பல வருஷமாக இதே கூத்துதான்.

அன்றைக்கும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தார். கணினியில் ஒரு பெண் கொரிய மொழியில் என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூக்கில் ஒரு சின்ன உறுமலோடு முடிகிற சிரிப்பு.

சுத்தியல் நின்றுவிட்டது.

நீவெஸ் அவசரமாகப் படத்தை நிறுத்தினாள். ஆனால் நிறுத்தி என்ன பயன்? அந்தச் சிரிப்பு உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

பட்டறைக் கதவு திறந்தது. எலீஜியோ நிலைப்படியில் நின்றார். புருவத்திலும் மீசையிலும் மரத்தூள். கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

"யாரு அது?"

"படம்."

"படம்னு தெரியுது. யாருன்னு கேட்டேன்."

நீவெஸ் கணினியின் மூடியை மெல்லச் சாய்த்தாள். "தாரியா," என்றாள்.

மகளின் பெயர் அந்த வீட்டில் உரக்கச் சொல்லப்பட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எலீஜியோ சுத்தியலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவன் எடுத்ததா?"

"ஆமா. இன்சூ எடுத்ததுதான். வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டரைக்கு உதினேல காட்டறாங்க."

"நீயா அழுத்தப் போற?"

"நான்தான்."

அவர் கணினி மூடியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"உன் காபி ஆறிடுச்சு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்று முழுவதும் சுத்தியல் சத்தம் கேட்கவே இல்லை.

*

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கிற மன்ஸானோவில் நாற்காலியோடு சம்பந்தமில்லாத வீடு கிடையாது. ஒருவர் மரம் அறுத்திருப்பார், ஒருவர் இருக்கைக்கு வைக்கோல் பின்னியிருப்பார், ஒருவர் லாரி ஓட்டியிருப்பார். எலீஜியோ அங்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்தார்; கடைசிப் பன்னிரண்டு வருஷம் மேஸ்திரி. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. நாற்காலியைச் சேர்த்து முடித்தவன் இருக்கைக்கு அடியில் பென்சிலால் தன் எண்ணை எழுத வேண்டும். எலீஜியோவின் எண் முப்பத்தொன்று. அதனால் அவருக்கு ஒரு தீராத பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், முதலில் நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். கல்யாண விருந்தில்கூடப் பார்த்து நீவெஸின் மானத்தை வாங்கியிருக்கிறார். குட்டி தாரியாவும் அப்பாவைப் பார்த்துப் பார்த்து அதையே செய்வாள். முப்பத்தொன்று அகப்பட்டால் அன்றைக்கு அவளுக்கு ஐஸ்கிரீம்.

நீவெஸ் அதே தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். அவள் விரல் வேகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் உதினேயில் நடக்கும் கிழக்காசியப் பட விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒன்பது நாள் வேலை. ரயிலில் இருபது நிமிஷம். அந்த ஒன்பது நாளும் உதினேயின் தெருக்களில் ஹாங்காங் நடிகர்களும் ஜப்பானிய இயக்குநர்களும் நம் ஆட்களோடு தோளுரசிக்கொண்டு நின்று, சின்னக் கோப்பையில் வெள்ளை ஒயின் குடிப்பார்கள்.

படத்தின் மீது ஆங்கிலம் எழுதியே வரும், அது வெளியூர்க்காரர்களுக்கு. ஊர்க்காரர்களுக்காகத் திரைக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. அதில் இத்தாலிய வரிகள் வரும். ஆனால் அவை தானாக வராது. பின்னால் ஓர் அறையில் ஒருத்தி உட்கார்ந்து, நடிகன் வாய் திறக்கிற அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு வரியாகத் தள்ளிவிட வேண்டும். ஒரு படத்துக்கு ஆயிரம், ஆயிரத்திருநூறு வரி. நீவெஸுக்கு அந்த மொழிகளில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மூச்சுத்தான் தெரியும். கொரியாக்காரர்கள் பேசுவதற்கு முன் ஒரு சிறு மூச்சு இழுப்பார்கள். ஜப்பானியக் கிழவர்கள் பேசி முடித்த பிறகும் பேச்சு முடிந்திருக்காது. இதெல்லாம் அவள் காதுக்கே பழகிப்போனது.

அங்கே அவளுக்கு மேலே இருந்தவள் ஓர்னெல்லா. வாயாடி, தங்கமான மனசு. முதல் நாளே அவள் இரண்டு சட்டம் சொல்லிக்கொடுத்தாள். "வாய்க்கு முன்னாடி வரி போகக் கூடாது. ரெண்டாவது, எந்த வரியில இருக்கோம்னு சந்தேகம் வந்தா இருட்டைப் போடு. தப்பான பேச்சுக்கு இருட்டே மேல்." இருட்டுக்கென்று தனியாக ஒரு பொத்தான் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் நீவெஸ் அதைத் தொட்டதே இல்லை.

மன்ஸானோ மதுக்கடையில் ஆண்கள் சும்மா விடுவார்களா? நாற்காலி ஆர்டர்களெல்லாம் கப்பலேறிச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

"என்ன நீவெஸ், நம்ம சோத்தைத் தின்னவங்களுக்கே நீ வாய் குடுக்கறியாமே."

"வாய் அவங்களுதுதான் ஜினோ. நான் விரல்தான் குடுக்கறேன். உன் வாயை மூட ஆள் கிடைக்காம உன் பொண்டாட்டி தவிக்கறா, அதைப் பாரு."

சிரித்துச் சமாளித்துவிடுவாள். ஆனால் எலீஜியோவின் தொழிற்சாலையும் ஒருநாள் மூடப்பட்டது. அந்த ஏப்ரலில்தான் தாரியாவும் விழாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வருகிற விருந்தாளிகளை ஸ்டேஷனிலிருந்து கூட்டிப்போகும் வேலை. குளிர்மழையில் மெல்லிய சட்டையோடு வந்து இறங்கினான் பியோ இன்சூ என்ற ஓர் இளம் ஒளிப்பதிவாளன். தாரியா வண்டியில் கிடந்த அப்பாவின் பச்சை மேல்கோட்டை எடுத்து அவன்மேல் போட்டாள். போட்டது போட்டதுதான். கோட்டும் திரும்பி வரவில்லை, அவள் மனசும் திரும்பி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். எலீஜியோ கரண்டியை வைத்தார்.

"முப்பத்திநாலு வருஷ வேலையை ஏத்திக்கிட்டுப் போனாங்க. இப்போ பொண்ணையும் ஏத்தி அனுப்பணுமா?"

"பப்பா, அவன் கொரியாக்காரன். நாற்காலி போன நாடு வேற."

"எனக்கு எல்லாம் ஒரே கப்பல்தான்."

வார்த்தை தடித்தது. பெட்டியோடு அவள் படியிறங்கியபோது அவர் வாசல் கதவை அறைந்து சாத்தினார். கதவின் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது. மறுவாரம் கண்ணாடிக்காரனை வரச்சொல்லலாம் என்றாள் நீவெஸ். "அது அப்படியே இருக்கட்டும்," என்றார் அவர். இருந்தது.

தென்கொரியாவில் தோங்யோங் என்ற துறைமுக ஊரில் தாரியா குடித்தனம் நடத்தினாள். பதினோரு வருஷம். குழந்தை இல்லை. ஞாயிறுதோறும் அம்மாவுக்கு ஃபோன் செய்வாள். பேச்சு முடியும் இடத்தில் ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி.

"பப்பா?"

"பட்டறையில."

"சரிம்மா."

அந்த அரைமணி நேரம் மட்டும் பட்டறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நீவெஸுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து மருகினாள்.

கடைசி நாலு மாதம் தாரியா முகம் காட்டாமலே பேசினாள். "நெட் சரியில்லம்மா," என்பாள். அம்மாவும் நம்பினாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்தது. தாரியாவுடையது அல்ல, இன்சூவுடையது. ரத்தத்தில் வந்த நோய். எல்லாம் முடிந்து, தகனமும் ஆகியிருந்தது.

செய்தி கேட்ட எலீஜியோ அழவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். "நம்மகிட்ட சொல்லலியே. சொல்லியிருந்தா..." மேலே முடிக்கவில்லை. அந்த இரண்டு வருஷமாக அதைத்தான் பிடித்துக்கொண்டு நடமாடினார். துக்கம் கேட்க வந்த பாதிரியாரிடமும் அதைத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனிடமும் அதைத்தான் சொன்னார். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால். கால் போன மனுஷனுக்கு ஊன்றுகோல் மாதிரி அந்த ஒரு வார்த்தை.

அந்த ஊன்றுகோலைத் தட்டிவிடுகிற வரிகள் இன்சூவின் படத்தில் இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டாவது வரியும், அதற்கு அடுத்ததும்.

*

படம் விழாவுக்கு வந்தபோதே ஓர்னெல்லா கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இதை வேற யாருக்காவது குடுத்துடறேன் நீவெஸ். உனக்கு வேணாம்."

"என் பொண்ணு பேசறதை வேற ஒருத்தி அழுத்துவாளா?"

ஓர்னெல்லா பட்டியலில் அவள் பெயரையே எழுதினாள்.

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நீவெஸ் அந்த இரண்டு வரிகளையும் படித்தாள். படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சரி, அவளால் தாங்க முடியும். ஊர்க்காரர்கள் படித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு அது யாரோ ஒருத்தியின் பேச்சு. எலீஜியோ வரப்போவதில்லை. அந்த அரங்கின் வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை.

வியாழக்கிழமை இரண்டு இருபத்தைந்துக்கு, பின்னறைக் கண்ணாடி வழியாக ஓர்னெல்லா கீழே எட்டிப்பார்த்தாள்.

"நீவெஸ், அது உன் ஆளா பாரு. விருந்துகள்ல அவரை நாற்காலிக்கு அடியிலதான் பாத்திருக்கேன். மேல உக்காந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நீவெஸ் எழுந்து பார்த்தாள். பன்னிரண்டாவது வரிசை. கல்யாணம் சாவுக்கு மட்டும் வெளியே வரும் கறுப்புக் கோட்டு. மடியில் தொப்பி. தொப்பியின் விளிம்பை விரல்கள் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தன. அவருக்குப் பக்கத்தில் இரண்டு ஜப்பானியப் பெண்கள்.

அவள் திரும்பிவந்து பொத்தான்முன் உட்கார்ந்தாள். விளக்குகள் அணைந்தன.

தோங்யோங்கில் ஒரு சமையலறை. தாரியா உருளைக்கிழங்கு சீவி, சீஸ் போட்டு, வாணலியில் நம் ஊர் ஃப்ரீக்கோ வார்க்கிறாள். கொரியச் சீஸ் இளகிக்கொண்டு ஓடுகிறது. அவள் அந்தச் சீஸைக் கொரிய மொழியிலேயே திட்டுகிறாள். அரங்கம் சிரித்தது. நீவெஸ் அழுத்தினாள். அடுத்த வரி. அடுத்த வரி. மற்றவர்கள் மூச்சைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இது கேட்க வேண்டியிராத மூச்சு. தன் வயிற்றுக்குள்ளேயே முதலில் அசைந்த மூச்சு. மகள் வாய் திறப்பதற்கு ஓர் இமைப்பொழுது முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. நிறுத்தி, காத்திருந்து, அழுத்தினாள்.

பிறகு தலையில் குல்லாய். பிறகு குல்லாய்க்கு அடியில் முடி இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை. நானூற்று எட்டு. நானூற்று ஒன்பது. ஜன்னலில் கடல். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தாரியா ஒற்றைக் கையால் சாய்த்து, அடியைப் பார்க்கிறாள். நானூற்றுப் பதினொன்று.

பன்னிரண்டாவது வரிசையில் தொப்பி சுற்றுவது நின்றிருந்தது.

தாரியா காமிராவைப் பார்த்து மூச்சு இழுத்தாள்.

நீவெஸின் விரல், பத்தொன்பது வருஷமாகத் தொடாத பொத்தான்மேல் விழுந்தது. திரைக்குக் கீழே பட்டை கறுத்துப்போனது. மேலே மகளின் உதடுகள் அசைந்தன. அவள் நிதானமாக, கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே, ஏதோ சொன்னாள். வெளியூர்க்காரர்கள் ஆங்கிலத்தைப் படித்தார்கள். ஜப்பானியப் பெண்கள் இருவரும் கைக்குட்டையைத் தேடினார்கள். ஊர்க்காரர்கள் கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு வரி. அவ்வளவுதான். நானூற்றுப் பதினாலிலிருந்து நீவெஸ் மறுபடி அழுத்தத் தொடங்கினாள்.

விளக்கு வந்ததும் ஓர்னெல்லா மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு வரி போச்சு."

"மெஷின் சிக்கிடுச்சு."

"மெஷின் ஒண்ணும் சிக்கல." ஓர்னெல்லா அவள் தோளைத் தொட்டாள். "ஆனா நான் அப்படித்தான் எழுதி வைக்கப் போறேன்."

பன்னிரண்டாவது வரிசையில் அந்த ஓர் இருக்கை மட்டும் அதற்குள் காலியாகியிருந்தது.

*

நீவெஸ் வீட்டுக்கு வந்தபோது எலீஜியோ சமையலறையில் உட்கார்ந்திருந்தார், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"மூணு தடவை சொன்னா," என்றார்.

"என்ன?"

"பப்பான்னு. அந்தப் பேச்சுல எனக்குப் புரிஞ்ச வார்த்தை அது ஒண்ணுதான். மூணு தடவை வந்துது. கீழ ஒண்ணும் வரல. பக்கத்துல இருந்த பொம்பளைங்க ரெண்டு பேரும் அழுதாங்க. அவங்களுக்கு என்னமோ வந்திருக்கு."

"மெஷின் நின்னுடுச்சு எலீஜியோ."

"ம்."

நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் அவரிடம் சொன்ன பொய்கள் எல்லாம் சின்னச் சின்னப் பொய்கள். கண்டுபிடித்துவிட்டால் கேலி செய்வார். இதற்கு அவர் கேலி செய்யவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வாசல்மணி அடித்தது. எலீஜியோதான் போய்த் திறந்தார்.

வெளியே, படத்தோடு விழாவுக்கு வந்திருந்த இன்சூ நின்றான். காதோரம் நரைத்திருந்தது. உடம்பில் பச்சை மேல்கோட்டு.

"மாந்தி," என்றான். மன்ஸானோ பக்கத்து ஆட்கள் வந்தாலும் போனாலும் சொல்கிற வார்த்தை. தாரியாவின் உச்சரிப்பு அச்சாக அப்படியே இருந்தது; அவன் பேசிய இத்தாலியமும் அவள் கற்றுக்கொடுத்ததுதான்.

எலீஜியோ அவனைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பதிமூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கோட்டின் இடது முழங்கையில் தோல் வைத்துத் தைத்தவர் அவர்தான். தையல் இன்னும் விடவில்லை.

"உள்ள வா."

நீவெஸ் அடுப்பில் காபியை ஏற்றினாள். இன்சூ மேசையருகே நின்றுகொண்டே கோட்டைக் கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் எலீஜியோவிடம் நீட்டினான்.

"இது உங்களோடது. அப்பவே குடுத்திருக்கணும். தப்பு என்னோடது."

எலீஜியோ வாங்கவில்லை. "உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்து நடுவுல இருட்டு வந்துதே. அப்போ என் பொண்ணு என்ன சொன்னா?"

இன்சூ நீவெஸைப் பார்த்தான். அவனும் அதைக் கேட்கத்தான் வந்திருந்தான். ஏன் அந்த வரிகள் வரவில்லை என்று. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

"வரியைத் தள்ளறது அம்மாவோட வேலை," என்றான் தாழ்ந்த குரலில். "அவங்க சொன்னா சரி. சொல்லாட்டாலும் சரி."

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. நீவெஸ் தீயை அணைத்தாள். இன்னொரு பொய் சொல்ல இடம் இருந்தது. 'பப்பா நல்லா இருக்கட்டும்னு சொன்னா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனுஷன் மிச்ச நாளை அதை வைத்துக்கொண்டே ஓட்டிவிடுவார். இன்சூவும் தலையாட்டிவிடுவான். ஆனால் அந்தப் பெண் பேச ஆசைப்பட்டுப் பேசியது அது. அவளைப் பெற்ற தாயே இரண்டாம் தடவையும் வாயைப் பொத்துவதா?

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், பட்டையில் வருகிற மாதிரியே, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"பப்பாகிட்ட சொல்லாத. சொல்லி, பப்பா வராம போயிட்டா என்னால தாங்க முடியாது."

சற்று நிறுத்தினாள். மகள் நிறுத்திய அதே அளவு.

"சொல்லலேன்னா, தெரிஞ்சிருந்தா பப்பா வந்திருப்பார்னு நெனச்சுக்கிட்டே போயிடுவேன்."

எலீஜியோ உள்ளங்கைகளை மேசைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கா," என்றார் கடைசியில். பிறகு, "சொல்லியிருந்தா வந்திருப்பேனா, நீவெஸ்?"

அவள் திரும்பினாள். இந்த மனுஷனின் மூச்சும் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் அடங்கிக் கிடந்த மூச்சு. அது வந்திருக்கும் என்று சொல்கிறது. கதவில் இருக்கிற விரிசலோ வந்திருக்க மாட்டார் என்று சொல்கிறது. எது சரியான வரி என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

எலீஜியோ அவளையே பார்த்திருந்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த இருட்டை அவர் படித்துவிட்டார். கண்ணிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்தார், பசை சிந்திவிட்டதைத் துடைப்பதுபோல.

"அவளை எங்க வெச்சிருக்க?" என்று இன்சூவிடம் கேட்டார்.

"ஒரு பெரிய கட்டடம். சுவர் பூரா சின்னச் சின்ன மாடம், கண்ணாடிக் கதவு போட்டு. அதுல ஒண்ணுல அவளோட அஸ்தி. அவ போட்டோ, மூக்குக்கண்ணாடி, காபிக் கோப்பை எல்லாம் வெச்சிருக்கேன்."

"எவ்வளவு அகலம்?"

இன்சூவுக்குப் புரியவில்லை. "மாடமா? முப்பது சென்டிமீட்டர் இருக்கும். உயரமும் அதேதான்."

"மிச்ச இடம் எவ்வளவு இருக்கு?"

இன்சூ உள்ளங்கையை நீட்டிக் காட்டினான். எலீஜியோ காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் அந்தக் கையின் நீளத்தைக் கோடு போட்டுக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு ரயில்?"

"பன்னெண்டு பத்து. வெனிஸ் போய் விமானம் பிடிக்கணும்."

"காபி குடி," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரம்பம் மெல்லியதாக இழுபட்டது. பிறகு உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். நீவெஸ் புதுக் காபி போட்டு, ஈஸ்டருக்குச் செய்து மீந்திருந்த கொட்டைப்பருப்பு கேக்கில் ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.

"உன் படத்தைக் கெடுத்துட்டேன் இன்சூ."

"இல்லம்மா. அந்த எடத்தை நானே நாலு தடவை வெட்டி எடுத்தேன். நாலு தடவை திரும்பவும் வெச்சேன்." அவன் கேக்கைத் தொடாமல் பட்டறைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். "உங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு உங்களுக்குக் கோவம் இருக்கும்."

"இருந்தது. என்கிட்ட சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல அவர்கிட்ட ஒளறியிருப்பேன். அவளுக்கு அது தெரியும்."

"எங்க போனாலும் நாற்காலியைக் கவுத்துப் பாப்பா," என்றான் இன்சூ. "கடையில, பஸ் ஸ்டாண்டுல. எங்க ஊர்ல ஒரு ஹோட்டல்காரன் இவ ஏதோ திருடறான்னு சண்டைக்கு வந்துட்டான். பதினோரு வருஷம் பாத்தா. ஒரு தடவைகூட முப்பத்தொண்ணு கெடைக்கல."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் எழுந்தது. சின்னச் சுத்தியல். டொக். சற்று இடைவெளி. டொக். நீவெஸ் காபிக் கோப்பையை வைத்தாள். அளந்து வருகிற தட்டு. காலைக் குழியில் இறக்குகிற தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

பதினோரு மணி தாண்டியதும் எலீஜியோ வெளியே வந்தார். உள்ளங்கையில் ஒரு நாற்காலி நின்றது. பீச் மரம், வளைந்த முதுகு, நூலைப் போன்ற வைக்கோலால் பின்னிய இருக்கை. இன்சூ அதை வாங்கினான். தன்னையறியாமல் கவிழ்த்தான். அடியில் பென்சிலால் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

அவன் பெரிய குரலெடுத்து அழவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன், இடுப்பிலிருந்து முழுசாகக் குனிந்து, வெகுநேரம் நிமிரவே இல்லை. அவர்கள் ஊரில் பெரியவர்களை அப்படித்தான் வணங்குவார்கள். எலீஜியோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையில் கிடந்த பச்சைக் கோட்டை எடுத்து அவன் முதுகில் போட்டார்.

"போட்டுக்க. மழை வரும்."

"இது உங்க..."

"அவ குடுத்தது. குடுத்தது குடுத்ததுதான்."

நாற்காலியை ஒரு கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் உட்பையில் தானே பத்திரமாக வைத்தார். வாசலுக்குப் போகிற வழியில் இன்சூ, கதவுக் கண்ணாடியின் விரிசலைப் பார்த்தான். அதைப் பற்றித் தாரியா சொல்லியிருப்பாள்.

"பசை இன்னும் காயல," என்றார் எலீஜியோ. "சாயங்காலம் வரைக்கும் அழுத்தாத. நேரா வை."

"சரி."

"முதுகு கண்ணாடிக் கதவுப் பக்கம் இருக்கக் கூடாது. அவளுக்கு வெளிய பாக்கணும்."

"சரி."

"மாந்தி, இன்சூ," என்றாள் நீவெஸ்.

"மாந்தி, அம்மா." அவன் எலீஜியோவைப் பார்த்தான். ஒரு மூச்சு இழுத்தான், பேசுவதற்கு முன் அந்த ஊர்க்காரர்கள் இழுக்கிற மாதிரி. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே, பையின்மேல் கையை வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

தெருமுனையில் அந்தப் பச்சைக் கோட்டு மறைகிறவரை எலீஜியோ வாசலிலேயே நின்றார். அதற்கு அப்புறமும் நின்றார். தூறல் போட்டது. பிறகு கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாழ் விழுகிற சத்தம்கூட வராமல், கதவைச் சாத்தினார்.